தீப்பெட்டியால் துடைத்த பாயிண்ட்

என் அக்காவின் இடது முழங்கால் மடங்காது. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு வைகாசியில், எட்டயபுரம் சாலையில் ஆட்டோ கவிழ்ந்தது. நொறுங்கிய எலும்பைக் கம்பி வைத்து நேராகவே சேர்த்துவிட்டார்கள். அக்கா நன்றாகத்தான் நடப்பாள், அந்தக் காலை மட்டும் பக்கவாட்டில் ஒரு வீச்சு வீசி. உட்காருவதுதான் சிக்கல். பஸ்ஸில் இரண்டு இருக்கைகளுக்கு இடையே அந்தக் கால் நுழையாது. வாடகைக்குப் புதிய கார் எடுத்துப் பார்த்தோம். முன்சீட்டில் பாதம் எதிரே போய் முட்டியது. பின்சீட்டில் குறுக்காக நீட்டினால், ஆளுக்கொரு குழி விட்டுத் தைத்த மெத்தையில் இடுப்பு பள்ளத்திலும் கெண்டைக்கால் மேட்டிலுமாகக் கிடந்தது. கயத்தாறு போய்த் திரும்புவதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்தினால் வலி அதிகம் என்று அர்த்தம்.

அவளுக்குப் பொருந்தியது ஒரே வண்டி, அத்தானுடைய பழைய கார். அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கார்கள்தான் ஓடின. அதில் உருண்டையாக இருப்பது. பின்சீட் ஒரே சமமாக, பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைக் கதவோடு சேர்த்து வைத்துவிட்டு, காலை எதிர்க் கதவுவரை நீட்டிக்கொள்வாள். டிரைவருக்குப் பின்னால் ஒரு ராணி போல வருகிறாள் என்று அத்தான் சொல்வார். ராணிக்குக் காலை மடக்க முடியாது என்று அவள் பதில் சொல்வாள்.

அவள் போவது குளத்தூருக்கு. எங்கள் அப்பா பங்கு பிரித்தபோது அக்காவுக்கு வந்த கரிசல் நிலம் அங்கே இருக்கிறது. உளுந்து, பாசி, கொஞ்சம் கம்பு. ஒருவர் அதை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறார், விளைச்சலில் பங்கு கொடுப்பார். ஆனால் எப்போது விதைப்பது, எதை எங்கே விதைப்பது என்பதெல்லாம் அக்கா சொல்வதுதான். வெள்ளிக்கு வெள்ளி போய் வரப்பில் நின்று பார்ப்பாள். போனில் படம் அனுப்புகிறேன் என்று வாரக்காரர் சொல்லிப் பார்த்தார். படத்தில் மண்ணைத் தொட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வருஷம் ஆவணியில் அந்த வண்டிக்குத் தவணை வந்தது. பழைய சொந்தக் கார்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐப்பசிக் கடைசிக்குள் காட்டியாக வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகன், இந்தத் தடவை புதுப்பிக்க வேண்டாம், எடைக்குப் போட்டுவிடுங்கள், நான் புது வண்டி வாங்கித் தருகிறேன் என்று சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். அம்மாவின் காலுக்கு எந்தப் புது வண்டியும் ஒத்துவராது என்பது, வருஷத்தில் இரண்டு தடவை வந்துபோகிறவனுக்குத் தெரியவில்லை. அத்தான் போனில் அவனோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். வண்டி தேறினால் இருக்கும், தேறாவிட்டால் போகும். இதை அவர் அக்காவிடம் சொன்னபோது நானும் கூடத்தில் இருந்தேன். அவள் எழுந்து காலை வீசிக்கொண்டு உள்ளே போனாள். மறுவாரமே காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

சரியாக அந்த நேரம் பார்த்து வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்க ஆரம்பித்தது.

நான் தேதி குறித்து வைக்கும் பழக்கமுள்ளவன். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அது கூடிவிட்டது. மழை பெய்த நாள், முதல் பனி விழுந்த நாள், தெருவில் யார் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள் என்பதுவரை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பேன். அத்தான் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு என்பதால் வண்டி கிளம்பிய நாளும் கிளம்பாத நாளும் என் கணக்கில் சேர்ந்தன.

இந்த வண்டிகளில் நெருப்பு பிறக்கும் வழி எளிமையானது. பேட்டரியின் கரண்ட் காயில் என்ற சுருளுக்குப் போகிறது. அந்தச் சுருளின் வழியை ஒரு ஜோடி உலோகப் பொட்டுகள் திறந்து திறந்து மூடுகின்றன. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. இவற்றைப் பாயிண்ட் என்பார்கள். பொட்டுகள் பிரியும் ஒவ்வொரு கணத்திலும் சுருளில் பெரிய கரண்ட் எழும்பி, டிஸ்ட்ரிபியூட்டர் என்ற குப்பிக்குள் வந்து, முறைவைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் போகிறது. பொட்டுகளுக்குப் பக்கத்தில் கண்டன்சர் என்று ஒரு சின்ன உருளை, அவை தீய்ந்துபோகாமல் காக்க. அவ்வளவுதான். ஏதாவது ஒன்று தன் வேலையைச் செய்யவில்லையென்றால் வண்டி இருமும், அல்லது வாயே திறக்காது.

அத்தானுக்கு இது எல்லாம் தெரியும். காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் பானெட்டைத் தூக்குவார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுவார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குச்சி உரசும் பக்கத்தை நீளமாகக் கிழித்து, மருந்து வெளியே இருக்கும்படி இரண்டாக மடித்து, பாயிண்ட்டின் பொட்டுகளுக்கு நடுவில் விட்டு நாலு இழுப்பு இழுப்பார். மூடியை மாட்டிவிட்டுச் சாவியைத் திருகினால் வண்டி கிளம்பிவிடும்.

“பாத்தீரா மாப்ள? நம்ம சரக்கு,” என்பார் என்னிடம்.

லாரி ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான் இது. கையில் உப்புத்தாள் இல்லாதபோது தீப்பெட்டியின் பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் உதவும். ஆனால் அத்தான் கையில் இருப்பது பெட்டிக்கடையில் வாங்கிய தீப்பெட்டி இல்லை. அவர் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறார். குச்சி அடைத்து வரும் பெட்டிகளுக்குப் பக்க மருந்து பூசி, காயவைத்து, லேபிள் ஒட்டி, பண்டல் போட்டு அனுப்புவது அங்கே வேலை. பக்க மருந்துதான் அவருடைய கர்வம். ஒரு பெட்டியின் குச்சி தீர்ந்த பிறகும் பக்கம் தேயாமல் இருக்க வேண்டும் என்பார். முன்பு ஒருமுறை வடக்கே போன சரக்கு, பக்கம் நமுத்துவிட்டது என்று திரும்பி வந்திருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

முதலில் வண்டி எட்டயபுரம் சாலையில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனது. அவர் சத்தமாகப் பேசுகிறவர், எதைப் பற்றியும் உடனே ஒரு முடிவு சொல்லிவிடுவார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்துப் பார்த்தார். நெருப்பு மஞ்சளாக, சோகை பிடித்த மாதிரி வந்தது. நீலமாகப் படபடவென்று வர வேண்டும். காயில் போய்விட்டது என்றார். புதுக் காயில் போட்டோம். மூன்று நாள் ஓடியது. மறுபடி நின்றது. கண்டன்சர் என்றார். அதுவும் மாற்றினோம். பிறகு பிளக் வயர்கள். பிறகு ரோட்டர். ஒவ்வொரு தடவையும் கடையில் நன்றாகக் கிளம்பும், வீட்டுக்கு வந்து இரண்டொரு நாளில் நிற்கும். அத்தான் கொஞ்சம் கோபப்பட்டபோது எலெக்ட்ரீஷியன், “அண்ணாச்சி, இந்த வண்டிக்கு என் வயசு. எனக்கே காலைல பாயவிட்டு எந்திக்க முடியல. அதுட்ட மட்டும் ஏன் கேக்குதீங்க?” என்றார். அத்தான் சிரித்துவிட்டார். புதுப் பாயிண்ட்டும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

நான் என் தாள்களை எடுத்துப் பார்த்தேன். வண்டி நின்ற நாட்களில் பாதிக்கு மேல் மழைக்கு மறுநாள். புரட்டாசியில் நாலைந்து தடவை நல்ல மழை பெய்தது. ஆகவே ஈரம்தான் காரணம் என்று தீர்மானித்தேன். பழைய கார்களைப் பற்றிய கையேடுகள் இரண்டு என்னிடம் உண்டு. இரண்டும் ஈரத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருந்தன. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பனித்துளி போல நீர் கோத்தால் கரண்ட் வழி மாறிப்போகும். அத்தானிடம் சொல்லி வண்டியைத் தார்ப்பாயால் மூடினோம். பானெட்டுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க எரியவிட்டோம். கம்பெனியில் மழைக்காலத்தில் பெட்டி காயவைக்கிற வழி அது. மறுநாள் வண்டி வறட்டி போலக் காய்ந்திருந்தது. கிளம்பவில்லை.

புரட்டாசிக் கடைசியில் அத்தான் ஒரு கல்யாணத்துக்கு விருதுநகர் பக்கம் போய் ஒரு வாரம் தங்கினார். பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க தினமும் காலையில் வண்டியைக் கிளப்பி வைக்கும்படி என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கிளம்பாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டி, ஒரு புதுத் தீப்பெட்டியையும் கையில் திணித்தார். போகிற அன்று கடைசியாக எலெக்ட்ரீஷியன் பாயிண்ட்டைப் பெட்ரோலில் கழுவி மாட்டியிருந்தார்.

அந்த வாரம் முழுக்க வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. வண்டி வெட்டவெளியில் நின்றது, தார்ப்பாய்கூடப் போடவில்லை. அப்படியும் கிளம்பியது. வெள்ளிக்கிழமை அக்காவைக் குளத்தூருக்கு நானே கூட்டிப்போனேன். மழை ஈரம் காயாததால் மண்ணை இன்னும் தொடக் கூடாது என்று வாரக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஈரக் கரிசலில் உழுதால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, காய்ந்த பிறகு கல்லாகிவிடும். கொஞ்சம் விட்டால் மேலே உலர்ந்து வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள் உண்டு. அந்த நாட்களைத்தான் அவள் வாராவாரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் சனிக்கிழமை மாலை வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், சும்மா இருக்கிற வண்டிதானே, ஒருமுறை சுத்தம் பண்ணி வைப்போம் என்று பானெட்டைத் தூக்கி, பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தேய்த்தார். திங்கட்கிழமை வண்டி கிளம்பவில்லை.

என் தேதிகள் பொய் சொல்லவில்லை. நான்தான் அவற்றைத் தப்பாக வாசித்திருந்தேன். மழைக்கு மறுநாள் வண்டி நின்றது உண்மை. மழை பெய்த ஒவ்வொரு நாளும் அத்தான் முன்ஜாக்கிரதையாகப் பாயிண்ட்டைத் தேய்த்து வைத்தார் என்பதும் உண்மை. நான் முதலாவதை எழுதி வைத்தேன், இரண்டாவதை எழுதவில்லை. அவர் தேய்ப்பது எங்கள் எல்லோருக்கும் பல் விளக்குவது போல ஒரு காரியம். அதை யார் எழுதுவார்கள்?

அன்று அவர் கம்பெனிக்குப் போன பிறகு மூடியை எடுத்து, பாயிண்ட்டைக் கழற்றி, ஒரு பொட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக ஒரு படலம், ஆறிய கஞ்சியில் ஆடை படிவது போல. நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது. பக்க மருந்தில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் இருக்கும், அவற்றைப் பிடித்து நிறுத்தப் பசை இருக்கும். கடையில் வாங்கும் பெட்டியில் அது காய்ந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அத்தான் பையில் இருப்பது நேற்றோ முந்தாநாளோ பூசியது, அதுவும் மழை நாளில் அரைகுறையாகக் காய்ந்தது, அதுவும் அவர் கர்வப்படுகிற கனத்தில். தேய்க்கும்போது கண்ணாடித் தூள் பழைய படலத்தைச் சுரண்டி எடுக்கிறது. அதனால் வண்டி உடனே கிளம்புகிறது. கூடவே பசை புதிதாக அப்பிக்கொள்கிறது. எஞ்சின் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகி, மறுநாள் கரண்ட்டை மறிக்கிறது. மறுநாளும் அதே மருந்து.

அதை எடுத்துக்கொண்டு போய் எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். அவர் பாயிண்ட்டை மோந்து பார்த்துவிட்டு, “அப்ப நாம கழட்டிப் போட வேண்டியது அண்ணாச்சியத்தான்,” என்றார். பிறகு, இதை நான் சொன்னதாக அங்கே சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் வீட்டில் அத்தான் கம்பெனிக்காகப் பெட்டி ஒட்டுகிறார்கள். நானும் சொல்வதாக இல்லை. பக்க மருந்தாலேயே தலை நிமிர்ந்த மனிதரிடம், உங்கள் மருந்துதான் உங்கள் வண்டியை நிறுத்துகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? தேய்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று மட்டும் பொதுவாகக் கேட்டேன். சுத்தம் பண்ணாமல் விட்டால் ஒரு பொருள் நன்றாகுமா கெட்டுப்போகுமா என்று திருப்பிக் கேட்டார்.

சொன்னது அக்காதான். அவளுக்கு எலெக்ட்ரீஷியனும் நானும் பேசியது தெரியாது. ஐப்பசி பிறந்த பிறகு ஒரு காலை, மூன்று பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். குளத்தூரிலிருந்து வரும்போது வண்டிக்குள் பெட்டி உரசின வாடை அடிக்கிறது என்றாள்.

அத்தான் தன் சட்டையை மோந்து காட்டினார். தீப்பெட்டிக் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் அந்த வாடை எதற்கும் தடயம் ஆகாது. கம்பெனி ஆட்களின் துணியில், டவுன் பஸ்ஸில், அத்தானின் தலையணை உறையில்கூட அது இருக்கும். அதனால்தான் எங்கள் யார் மூக்குக்கும் தனியாகப் படவில்லை.

“அது பூசுன வாடை. நான் சொல்றது உரசுன வாடை. எரிஞ்ச வாடை,” என்றாள் அக்கா. “வண்டி எந்திரிக்க மாட்டேன்னு மக்கர் பண்ணுத அன்னைக்குத்தான் அடிக்கி. நீங்க அந்தப் பாயிண்ட்ட நம்ம பெட்டி வச்சுத் தேய்க்காதீங்க.”

“அப்போ என் சரக்குதான் வண்டியக் கெடுக்குதுங்கியா?”

“நான் வண்டியப் பத்தித்தான் பேசுதேன். சரக்கப் பத்தி நீங்கதான் பேசுதீங்க.”

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் நிறுத்தவில்லை. மழைக் காலத்தில் பக்கம் நமுக்குது, காயாம அடுக்காதீங்கன்னு தினமும் பொம்பளையாட்கள ஏசுறது யாரு என்று கேட்டாள். அதே ஈரப் பெட்டியைக் கொண்டுவந்து இரும்பில் தேய்த்தால் அங்கே மட்டும் நமுக்காதா? அவர் என்னைப் பார்த்தார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன்.

அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கே வந்து பாயிண்ட்டை மெல்லிய அரத்தால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, இடைவெளி சரிபார்த்து மாட்டினார். அத்தான் பக்கத்தில் நின்று, அரம் போட்டால் பொட்டு தேய்ந்துவிடாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வண்டி தினமும் கிளம்பியது. அவர் பானெட்டைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

வண்டியைக் காட்டப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. குளத்தூர்ப் பக்கம் செவ்வாய்க்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாரக்காரர் போன் பண்ணி, பக்கத்து நிலத்தில் விதைக்கிறார்கள், நாமும் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். தான் வந்து பார்க்காமல் ஒரு விதைகூட விழக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு வேலையில்லை, வீட்டில் இருக்கலாம் என்று அத்தான் சொன்னார். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறிவிட்டாள். அதில் ஏற அவளுக்கு நேரமாகும். அதனால் யாரும் இறங்கச் சொல்வதில்லை.

அலுவலகத்து மைதானத்தில் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. பெரும்பாலும் சரக்கு ஆட்டோக்கள், ஒரு பள்ளி வேன், எங்களைப் போல இரண்டு பழைய கார்கள். அத்தான் எஞ்சினை அணைத்தார். தூறல் போட்டது. பெண் ஆய்வாளர் ஒருவர் குடை பிடிக்காமல் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்னால் பள்ளி வேன் மட்டும் பாக்கி இருந்தபோது, வரிசையை முன்னால் நகர்த்தச் சொன்னார்கள். அத்தான் சாவியைத் திருகினார். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். பிடிக்கவில்லை. பின்னால் நின்ற சரக்கு ஆட்டோக்காரர், “அண்ணாச்சி, இங்கனயே போட்டுட்டுப் போயிருங்க, எடைக்கு அவியளே எடுத்துக்கிடுவாக,” என்றார்.

அத்தான் இறங்கி பானெட்டைத் தூக்கினார். நானும் இறங்கினேன். அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பெட்டி வெளியே வந்தது.

“காலைல தேச்சீங்களா?” பின்சீட்டின் ஜன்னலிலிருந்து அக்கா கேட்டாள். சத்தம் போடவில்லை.

அவர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார்.

“ரயில்வே கேட் தாண்டும்போதே வாடை வந்துட்டு.”

“பரிச்சைக்குப் போற அன்னைக்கு அழுக்கோட எப்படி விடுறது,” என்றார் அத்தான், எஞ்சினைப் பார்த்துக்கொண்டே.

“பெட்டிய இங்கன தாங்க.”

அவர் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் அவருடைய கம்பெனி லேபிள் இருந்தது. பிறகு ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் பெட்டியைத் திறந்து, குச்சிகள் எல்லாவற்றையும் மடியில் கொட்டினாள். பக்க மருந்து பூசிய மேல்பெட்டியைச் சீட்டுக்கு அடியில் போட்டாள். குச்சி இருந்த அடிப்பெட்டி வெள்ளை அட்டை. அதில் மருந்து படுவதில்லை. அதைப் பிரித்து நீள நீளமாகக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

“இதுவும் நம்ம பெட்டிதான். இத வச்சுத் தேயி.”

நான் முதலில் பேனாக்கத்தியின் முனையால் படலத்தை மெல்லச் சுரண்டினேன். பிறகு முதல் அட்டையைப் பொட்டுகளுக்கு நடுவில் விட்டு இழுத்தேன். செம்மண் நிறத்தில் வந்தது. இரண்டாவது கொஞ்சம் வெளுத்து வந்தது. அவள் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அத்தான் மூடியின் உட்புறத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். அட்டை வெள்ளையாகவே வெளியே வந்ததும் மூடியை மாட்டினோம். பள்ளி வேன் புகையோடு நகர்ந்தது.

ஆய்வாளர் எங்களிடம் வந்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அத்தான் திருகினார். பிடித்துக்கொண்டது.

சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தார்கள். முன்னால் போய்ப் பின்னால் வரச் சொன்னார்கள். சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கைச் சோதித்தார்கள். பின்னால் இருப்பவர் இறங்க வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னார். இறங்கிவிடலாம், திரும்ப ஏறக் கொஞ்சம் நேரமாகும், வரிசையில் நிற்கிறவர்கள் காத்திருந்தால் சரி என்று அக்கா சொன்னாள். ஆய்வாளர் ஜன்னல் வழியாக அந்தக் காலைப் பார்த்தார். இருக்கட்டும் என்றார். பிறகு அவள் மடியைப் பார்த்தார்.

“இவ்வளவு குச்சியக் கொட்டி வச்சிருக்கீங்க. வண்டி பாஸ் ஆனாலும் இதுக்கு வேற கேஸ் போடணும் போலருக்கே.”

“நம்ம கம்பெனிச் சரக்கும்மா,” என்றார் அத்தான். அந்த நாளில் அவர் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது.

கையெழுத்தாகி வெளியே வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அத்தான் வீட்டுப் பக்கம் திருப்பினார். சாப்பிட்டுவிட்டு மகனுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றார். அக்கா குச்சிகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

“வீட்டுக்கு எதுக்கு? கிழக்க போங்க.”

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு எட்டயபுரம் சாலைக்கு வண்டியைத் திருப்பினார். வழி நெடுக இரண்டு பக்கமும் நிலம் கறுத்துக் கிடந்தது. சில இடங்களில் டிராக்டர்கள் ஓடின. குளத்தூருக்கு முன்னாலேயே தார் ரோட்டில் வண்டியை நிறுத்தினோம், மண்ணுக்குள் இறக்க முடியாது. அத்தான் எஞ்சினை அணைக்கவில்லை. அக்கா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் கரிசல் பாதத்தில் ஒட்டிக் கனத்தது. மடங்காத காலை அந்தக் கனத்தோடு தூக்கி வீசி வீசிப் போனாள். வாரக்காரர் எதிரே ஓடிவந்தார். அவள் அவரிடம் எதுவும் கேட்காமல், நிலத்தின் நடுவில் ஒரு இடத்தில் நின்று, இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். உருட்டிப் பார்த்தாள். விரல்களை விரித்ததும் அது உதிர்ந்தது. வடக்குப் பக்கத்துக்கும் போனாள். அங்கே எடுத்த மண் உருண்டையாகவே நின்றது.

தெற்குப் பாதியில் நாளைக் காலையில் உளுந்து போடலாம், வடக்கே சனிக்கிழமைக்கு முன்னால் கால் வைக்கக் கூடாது என்றாள். பக்கத்து நிலத்தில் முழுக்க இன்றைக்கே போட்டுவிட்டார்கள் என்று வாரக்காரர் சொன்னார். அது அவர்கள் நிலம் என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி கிளம்பினோம். விதைப்பு ஆரம்பிக்கும்போது அவள் வரப்பில் நின்றிருந்தாள்.